இரண்டு விரற்கடை இடமும் என் ஈரலும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், பிறகு அடித்துவிட்டேன். என் ஈரலைத் தவிர இந்த வீட்டில் மற்ற அனைவரும் நலம். அங்கே தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார் நலத்தையும், என் மகள், மாப்பிள்ளை, பேரக்குழந்தைகள் நலத்தையும், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தங்கள் ஈரலின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் தாங்கள் இங்கே வந்திருந்தபோது, முழங்கால் வலிக்கென்று இரண்டு டப்பா மூலிகைப் பொடி கொடுத்தனுப்பினேன் அல்லவா, அதை இந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். கையில் கரண்டி இருந்தால் கீழே வையுங்கள். கலக்கிய தம்ளர் பக்கத்தில் இருந்தால் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து மீதியைப் படிக்கலாம்.

இதை நான் போனிலேயே சொன்னேன். தாங்கள்தான் கேட்கவில்லை. "சம்பந்தி, போன்ல சொல்றதுக்கு என்ன ஆதாரம்? நாளைக்கு நீங்களே நான் சொல்லலைன்னுட்டா நான் எங்க போய் நிக்கிறது?" என்று கேட்டீர்கள். முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராக நிலம் அளந்து, காகிதத்தில் இல்லாத வரப்பை வரப்பென்றே ஒப்புக்கொள்ளாதவர் வேறு எப்படிக் கேட்பீர்கள். மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவளிடம், "உங்கப்பா குடுத்த டப்பாவுல பக்க விளைவு இல்லைன்னு அச்சுல இருக்கும்மா, அச்சுல இருக்கறதை வாய்ப்பேச்சால மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் தூக்கி அளவு நாடா வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்களாம். வேளை தவறாமல் பெட்டியைத் திறந்து, கரண்டியின் தலையை அட்டையால் வழித்துச் சமமாக்கி, ஒரு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு மறுபடி பூட்டுகிறீர்கள் என்று மகள் சொல்கிறாள். இதற்கெல்லாம் முன்பே, என் உடம்பு கெடுவதற்கு முன், தங்கள் கடிதம் வேறு வந்திருந்தது. வலி முக்கால் பங்கு போய்விட்டது, மாடிப்படி பதினெட்டையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறேன், நீங்கள் பயமுறுத்திய கசப்புகூட எனக்குத் தெரியவில்லை, கட்டுப்பாடாக வாழ்ந்தவனுக்கு நாக்கும் கட்டுப்படும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அதை நான் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். இப்போது அதை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டேன். நான் போனும் கையுமாக அலைவதைப் பார்த்து என் மனைவி, "விடுங்க, அவருக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். இவ்வளவு கல்நெஞ்சு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. கடைசியில் எழுத்துக்கு எழுத்தாலேயே பதில் சொல்லிவிடுவோம் என்று இந்தப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

டப்பாவின் அடியில் இருக்கும் அந்த வரி யாருடையது என்று தாங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அது என்னுடையது. நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்று தங்களுக்குத் தெரியும். லேபிளில் பெயர் எங்கே, படம் எங்கே, எடை எங்கே என்று அடுக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு தைலக்காரர் வந்தார். லேபிள் எல்லாம் முடிந்து, அடியில் இரண்டு விரற்கடை இடம் மட்டும் மிச்சம் நின்றது. பூப் போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. கோடு போட்டுப் பார்த்தோம், அழவில்லையே தவிர மற்றபடி இரங்கல் அட்டை மாதிரியே இருந்தது. தைலக்காரர், "காலியா விட்டா பாட்டில் ஏழையாத் தெரியுது, ஏதாச்சும் போடுங்களேன்" என்றார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு, 'முற்றிலும் இயற்கையானது. பக்க விளைவுகள் அற்றது.' என்று எழுதினேன். அச்சில் வார்த்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. அது மதிய வேளை; எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "இடம் சரியா இருக்குல்ல" என்றேன். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் துடைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அந்த வரியைக் கேட்டு வாங்கினார்கள். முடி வளர, பல் இறுக, தூக்கம் வர, வந்த தூக்கம் போக, எல்லாவற்றுக்கும் அதே வரிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை, எழுதியவன் யார் என்று அவர்களும் கேட்டதில்லை. முதலாளி எனக்குச் சுழலும் நாற்காலி வாங்கிப் போட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பொடிக்காரர் இருக்கிறார். சின்னக் கடை, முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் அரைக்கும் இயந்திரம், எப்போதும் புருவத்தில் தூசி. நல்ல மனிதர். பொடியை எடுத்து நீட்டியவர், டப்பாவைத் திருப்பி அடியைக் காட்டி, "பாருங்கண்ணே, பக்க விளைவுகள் அற்றதுன்னு போட்டே இருக்கு" என்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். சம்பந்தி, நான் நம்பினேன். அது என் கையால் எழுதிய வரி என்பது மறந்துபோய் நம்பவில்லை, நினைவு இருக்கும்போதே நம்பினேன். இருபத்தாறு வருடமாக இத்தனை டப்பாவில் இருந்துவிட்ட வரி, இத்தனை பேர் படித்துவிட்ட வரி, இதற்குள் எப்படியும் உண்மையாகியிருக்கும் என்று மனசு சொல்லிற்று. அந்த வரி உள்ள எந்த டப்பாவும் என் வீட்டுப் பிள்ளை மாதிரி எனக்கு. பிள்ளையை யாராவது சந்தேகப்படுவார்களா.

முதல் டப்பா கசந்த கசப்பு சொல்லி முடியாது. இரண்டு வெல்லக்கட்டி தின்றாலும் நாக்கை விட்டுப் போகாது. அந்தக் கசப்பிலேயே பாதி வலி போயிற்று என்று வையுங்கள். அந்தத் தெம்பில்தான் அடுத்து மூன்று டப்பா வாங்கி, இரண்டைத் தங்களுக்குக் கட்டி வைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். மூன்றாவது எனக்கு. ஆனால் அந்த மூன்றாவதைத் திறந்து குடித்தால் கசப்பே இல்லை. வாசனைகூட வேறு மாதிரி, ஏதோ சமையலறை வாசனை. எனக்கு வந்ததே கோபம். பொடிக்காரரிடம் போய், பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டாயே என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டேன். அவர் டப்பாவை முகர்ந்து பார்த்து, "இது என் சரக்கே இல்லைண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னார். கடைசியில் எனக்குப் பயந்து, அன்றைக்குத்தான் வந்திறங்கிய மூட்டையைப் பிரித்துப் புதிதாக அரைத்து ஒரு டப்பா கொடுத்தார். அது கசந்தது. அடேயப்பா, பழைய கசப்பெல்லாம் இதன் முன்னால் பால். மனைவிக்கு அந்த வாசனை ஆகாது என்று, அலமாரியில் வைக்காமல் என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். வேளைக்கு ஒரு கரண்டி. பிறகு, இவ்வளவு கசப்பது இன்னும் கொஞ்சம் கூடப் போனால் இன்னும் கொஞ்சம் கேட்குமே என்று ஒன்றரைக் கரண்டி.

ஐந்தாவது வாரம் பெல்ட்டில் ஓட்டை போதவில்லை. வயிறு உப்பி, வலதுபுறம் விலாவுக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டிற்று. ஒரு நாள் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. ஆயுள் முழுக்க அச்சு மையோடு கிடந்தவனுக்கு நிறம் தப்பாது. பற்பொடி லேபிளுக்கு நாங்கள் கலக்கும் மஞ்சள், அதே மை, அதே எண்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் டாக்டர் வந்தார், சின்ன வயதுதான், ஆனால் கண்ணில் பொறுமை. இரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வலி மாத்திரை? தூக்க மாத்திரை?" இல்லை. "சரி, நாட்டு மருந்து?" அதுவும் இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை சம்பந்தி. பொடியை நான் மருந்துக் கணக்கில் வைத்ததே இல்லை. இதில் என் மனைவி வேறு, "இவர் அப்படி ஒண்ணும் சாப்பிடுறதில்ல டாக்டர், நான்தானே பாக்கறேன்" என்று அடித்துச் சொன்னாள். நான் இரண்டு வேளையும் பொடி கலக்குவது தெரிந்தவள் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மருந்தை விடுங்க. காலைல எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் உங்க வாய்க்குள்ள என்னென்ன போகுதுன்னு வரிசையாச் சொல்லுங்க" என்றார். பல் தேய்த்தேன், தண்ணீர் குடித்தேன், பொடி குடித்தேன் என்று மூன்றாவதாக வந்துவிட்டது.

"என்ன பொடி?"

"முழங்காலுக்கு. அது மருந்தில்ல டாக்டர், இலை."

என் மனைவி குறுக்கிட்டு, "அதுல ஒண்ணும் இருக்காது டாக்டர், அது வெறும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். டாக்டர் பொடியைக் கொண்டுவரச் சொன்னார். மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றேன். "இழுப்பறையிலயா? அலமாரியிலதானே இருந்துச்சு?" என்றாள். புது டப்பா கதையைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே. ஒளித்து வைத்ததில் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பொடியை நிறுத்தி, மருந்து கொடுத்து, இரண்டு வாரத்தில் என்னைத் தேற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் குடித்திருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணம். இனிமேல் சொல்லப்போவதுதான் தங்களுக்கு நான் எழுத நினைத்தது. டாக்டரோடு படித்த ஒரு பெண்மணி ஆய்வகத்தில் இருக்கிறார். பொடி அவரிடம்தான் போயிருந்தது. முடிவை வாங்கிவர நானே போனேன். நீளமான அறை, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது, ஒரு இயந்திரம் தனக்குத்தானே முனகிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாள் என் டப்பாவைத் திருப்பி அடியைப் படித்துவிட்டு, "இந்த வரியை எழுதின ஆளை ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார்.

"நான்தாம்மா" என்றேன்.

அவர் சிரிப்பாரோ திட்டுவாரோ என்று நின்றேன். அவர் என்னை அறையின் மூலைக்குக் கூட்டிப்போய் ஒரு அலமாரியைத் திறந்தார். உள்ளே டப்பாவும் பாட்டிலுமாக ஐம்பது அறுபது இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்தவையாம். ஒவ்வொன்றின் அடியிலும் என் வரி. தடித்த எழுத்தில், சாய்ந்த எழுத்தில், பச்சையில், சிவப்பில், நான் அடுக்கியது, நான் பார்த்தே இராதது, எல்லாம் வரிசையாக நின்று என்னைப் பார்த்தன. சம்பந்தி, எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. அந்த அம்மாளே நாற்காலி போட்டார். அதுவும் சுழலும் நாற்காலி.

பிறகு ஒரு காகிதத்தை விரித்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மலை மலையாகக் கோடு. பெரிய மலை, சின்ன மலை, மலைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட குன்று. இது என்ன என்றேன். "உங்க பொடி" என்றார். ஒரு சிட்டிகைப் பொடியைக் கரைத்து அந்த இயந்திரத்துக்குள் விட்டால், அதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையில் அனுப்புமாம். ஒரு மலைக்கு ஒரு பொருள். எண்ணிப் பார்த்தேன், எண்பதுக்கு மேல் கண் கூசிவிட்டது. "நூத்தி முப்பத்தேழு" என்றார் அவர். இத்தனையும் ஒரு இலைக்குள் எதற்கம்மா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செடியால ஓட முடியாது, கத்த முடியாது, கதவைச் சாத்திக்க முடியாது. கடிக்க வர்ற பூச்சியை விரட்ட, பூஞ்சையைத் தடுக்க, வெயிலைத் தாங்க, எல்லாத்துக்கும் அது உள்ளுக்குள்ளயே மருந்து காய்ச்சிக்குது. உங்க முழங்காலை நினைச்சு அது ஒண்ணையும் செய்யல." வாசலில் நிற்கும் செடியை இத்தனை வருடம் நிழல் என்றுதான் நினைத்திருந்தேன். அது ராப்பகலாக அடுப்பணையாத சமையற்கட்டு.

இந்த மலைகளுக்கெல்லாம் பேர் இருக்கிறதா என்றேன். நாற்பதுக்குப் பேர் தெரியும், மீதிக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்றார். நூற்றுச் சொச்சம் பேர் குடியிருக்கும் வீட்டில் நாற்பது பேரைத்தான் தெரியும், அதற்குள் நான் வாசலில் பலகை மாட்டிவிட்டேன், இங்கே கெட்டவர் ஒருவரும் இல்லை என்று.

நடுவில் இருந்த ஒரு மலையைப் பென்சிலால் தட்டினார். என்னைப் படுக்கப் போட்டது அதுதானாம். அது பொடிக்காரரின் இலைக்குச் சொந்தமானதே இல்லை. பூதக்கண்ணாடிக் குழாயில் என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். பொடித் துணுக்குகளில் சிலவற்றில் வளைந்த ரோமம், சிலவற்றில் நேரான ரோமம். இலைக்கு ரோமம் உண்டென்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நேரான ரோமம் வேறொரு களைச்செடியாம். அதே வயலில் நடுநடுவே முளைத்து, அதோடு சேர்ந்து அறுபட்டு, காய்ந்து, ஒரே மூட்டையில் வந்திருக்கிறது. கசப்பு அதிகம் என்று நான் கொண்டாடினேனே, அது களையின் கசப்பு. அதை விட ஆச்சரியம், அந்தப் பொருள் இலைக்குள் இருக்கும்போது சாது. நம் ஈரல் அதைக் கரைத்து வெளியே அனுப்பத் தன் வேலையைச் செய்யப்போய், அந்த வேலையின் நடுவிலேதான் அது விஷமாக மாறி ஈரலையே அடிக்கிறதாம். பாவம், என் ஈரல். அறுபத்திரண்டு வருடம் சத்தமில்லாமல் நான் போட்டதையெல்லாம் பிரித்துப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு நாள் லீவு கேட்டதில்லை, நான் அதற்கு இரண்டு வேளையும் ஒன்றரைக் கரண்டி வைத்திருக்கிறேன். சில பட்டாம்பூச்சிகள் இந்த வகை நஞ்சையே தேடிப்போய் உறிஞ்சி உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம், பறவை கிட்டே வராமலிருக்க. அதை அவர் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத பூச்சிக்குத் தெரிந்த விஷயம், லேபிள் எழுதிய எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் மூலிகையே தப்பா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த மருந்துகளிலேயே செடியிலிருந்து கண்டெடுத்தவை உண்டாம். "ஆனா அதையெல்லாம் அளந்திருக்காங்க. எவ்வளவு, யாருக்கு, எதோட சேத்துக் குடுக்கக் கூடாது, எல்லாம் பாத்திருக்காங்க. உடம்புல வேலை செய்யற எதுவும் நமக்குப் பிடிச்ச ஒரு வேலையை மட்டும் செய்யாதுங்க. பக்க விளைவே இல்லாதது, விளைவே இல்லாததுதான்." சம்பந்தி, இது தங்களுக்குப் புரியும் பாஷை. இந்த இலை இன்னும் அளந்து முடிக்காத நிலம். நான் அதற்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பட்டாவை நம்பித்தான் தாங்கள் இரண்டு வேளையும் கரண்டியை வழித்துக் குடிக்கிறீர்கள். தங்கள் டப்பாவுக்கு அரைத்த மூட்டையில் களை எவ்வளவு இருந்ததோ, யார் கண்டது. தங்களுக்கு ஏதாவது ஆனால் என் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்.

அந்தக் காகிதத்தோடு நேரே பொடிக்காரரிடம் போனேன். மலைகளைப் பார்த்ததும், "இலைதானேண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். தினம் இரண்டு வேளை அவரும் குடிக்கிறவர்தான். அன்றே மூட்டையைக் கட்டி, கடையைச் சாத்தி, வாங்கிப் போனவர்கள் வீடு வீடாகச் சொல்லக் கிளம்பினார். ஈரல் டாக்டரிடமும் அவரை அனுப்பிவைத்தேன். அடுத்ததாக என் பழைய அச்சகத்துக்குப் போனேன். இப்போது எல்லாம் கணினி. புது லேபிளைத் திறந்தாலே அந்த வரி தானாக அடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை எடுத்துவிடு தம்பி என்றேன். என் நாற்காலியில் இருப்பவர், "எடுத்தா இடம் காலியா இருக்குமே சார்" என்றார். அவருக்குப் பதிலைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் சம்பந்தி என்று வந்துவிட்டேன்.

ஆகையால் என் தாழ்மையான வேண்டுகோள். பொடியை நிறுத்துங்கள். டப்பாவைக் குப்பையில் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, எண்ணை எனக்கு எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். டாக்டர் கேட்கும்போது, இலை, தழை, வேர், எண்ணெய் ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். அச்சில் இருப்பதை எழுத்தால்தான் மாற்ற முடியும் என்பதால், அந்த வரியை எழுதியவன் என்ற முறையில், அது செல்லாது என்று இதன்மூலம் கையெழுத்திட்டு உறுதி கூறுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். பேரக்குழந்தைகள் நீடூழி வாழட்டும், அவர்கள் ஈரலும் அவ்வாறே.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
(இரண்டு விரற்கடைக்குப் பொறுப்பாளி)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் என் மனைவி வாங்கிப் படித்தாள். நான் எழுதும் எதையும் அவள் படிக்காமல் ஒட்ட விடுவதில்லை. கடைசிவரை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "சம்பந்திக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அவருக்குப் போன ரெண்டு டப்பாவுலயும் இருந்தது நான் வறுத்த கோதுமை மாவு. நிறத்துக்குக் கொஞ்சம் காஞ்ச புதினா" என்றாள். மாவு எப்படி அதற்குள் வந்தது என்று கேட்டேன். "நீங்க அந்த வரியை எழுதினப்ப நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். அதை நம்பி இன்னொரு வீட்டு மனுஷருக்கு எப்படிக் குடுக்கறது? உங்க மூணாவது டப்பாவையும் நான்தான் மாத்தினேன். கசக்கலைன்னு சண்டை போட்டு வேற வாங்கிட்டு வந்து ஒளிச்சு வைப்பீங்கன்னு நான் கண்டேனா" என்றாள். பிறகு அழுதாள். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் புது டப்பா வீட்டுக்குள் வந்திருக்காது, என் கண்ணும் மஞ்சளாகியிருக்காது என்றாள். மருந்தென்று சொல்லிச் சம்பந்தி வீட்டுக்கு மாவு அனுப்பியது தெரிந்தால் தாங்கள் என்ன நினைப்பீர்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். நூற்று முப்பத்தேழு மலையைப் பார்த்தபோது வந்த பிரமிப்பெல்லாம் இவள் முன்னால் ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது அவளல்ல, நான் என்று சொன்னேன். இருபத்தாறு வருடம் பிந்திச் சொன்னேன்.

ஆக, மேலே எழுதிய எதுவும் தங்களுக்குப் பொருந்தாது. தாங்கள் பதினெட்டுப் படியும் ஏறியது கோதுமையால். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், மனைவி தடுத்துவிட்டாள், எழுத்தில் இருந்தால்தான் தாங்கள் நம்புவீர்களாம். எதற்கும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். தங்களிடம் மாவு தீர்ந்திருக்கும் என்று இன்று காலை புதிதாக ஒரு டப்பா வறுத்து வைத்திருக்கிறாள். இத்துடன் வருகிறது. லேபிள் நான்தான் எழுதினேன். கோதுமை மாவு, காய்ந்த புதினா, வறுத்த தேதி. அந்தப் பழைய வரி முதல் தடவையாகப் பொருந்தக்கூடிய டப்பா இது. எழுதக் கை போகத்தான் செய்தது. அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை மூடிவிட்டேன். அடியில் இரண்டு விரற்கடை காலியாக இருக்கும், தவறாக நினைக்க வேண்டாம்.